தோற்ற கட்சிக்கும் ஓர் அதிகாரி! பெயர் சொல்ல ஆள் உண்டு, விசாரிக்க?

அமெரிக்காவின் செனட் சபையில் ஒரு விசித்திரமான வழக்கம் இருக்கிறது.

தேர்தலில் அடிபட்டு மைனாரிட்டியாகப் போன கட்சிக்கும் சபையே ஓர் அதிகாரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. சம்பளம் அரசாங்கக் கஜானாவில் இருந்து! 'மைனாரிட்டி காரியதரிசி' என்று பதவிக்குப் பெயர். 1929-ல் இருந்து இந்த ஏற்பாடு. மெஜாரிட்டி கட்சிக்கும் இதேபோல ஒருவர் உண்டு.

"தோத்தவனுக்கு எதுக்குய்யா ஆபீசர்?" என்று கேட்கத் தோன்றும்.

அந்த ஆசாமி பார்க்கிற வேலையைப் பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். இன்றைக்கு எந்த மசோதா, எப்போது ஓட்டெடுப்பு, எந்த செனட்டர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலைவர் கேட்டால் சொந்தக் கட்சிக்காரர்களிடம் நாடி பிடித்து, "இத்தனை பேர் தேறும்" என்று எண்ணிக்கை சொல்லவேண்டும். கட்சியின் ரகசியம் பாதி அவர் சட்டைப் பையில்!

இந்த நாற்காலியில் எதிர்த்தரப்பு கைகாட்டுகிற ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பங்காளிச் சண்டையில் பங்காளியிடமே பெட்டிச் சாவியைக் கொடுத்த கதைதான்.

அதனால், பெயர் சொல்வது மைனாரிட்டித் தலைவர். சபை அதைத் தீர்மானமாக ஏற்கிறது. மெஜாரிட்டிக்காரர்களும் மல்லுக்கு நிற்காமல் தலையாட்டி விடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். சபாஷ் போடலாம்.

ஆனால், அந்தத் தலையாட்டலில்தான் கோளாறும் இருக்கிறது.

பையனாக வந்த பேக்கர்

பாபி பேக்கர் என்று ஒருவர். தெற்குக் கரோலினாவில் பிக்கன்ஸ் என்ற ஊர்க்காரர். 14 வயதில் செனட்டில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். படுசுட்டி. பிற்காலத்தில் ஜனாதிபதி ஆன லிண்டன் ஜான்சனின் கண்ணில் பட்டார். அவ்வளவுதான், ஏறுமுகம்!

1955-ல் ஜான்சன் மெஜாரிட்டித் தலைவர் ஆனார். 26 வயதுப் பேக்கர் மெஜாரிட்டி காரியதரிசி ஆனார். 'குட்டி லிண்டன்' என்றே அவரைக் கூப்பிட்டார்கள்.

ஆண்டுச் சம்பளம் 20 ஆயிரம் டாலருக்கும் குறைவு. சொத்தோ 20 லட்சம் டாலரைத் தாண்டியதாகக் கணக்கு! எப்படி வந்தது? யாரும் கேட்கவில்லை.

கடைசியில் விஷயத்தை உடைத்தது செனட் அல்ல, ஒரு வியாபாரி. காசு போட்டால் தின்பண்டம் தரும் மெஷின்களைத் தொழிற்சாலைகளில் வைக்கிற காண்டிராக்டில் பேக்கர் செல்வாக்கைக் காட்டி விளையாடினார் என்று 1963 செப்டம்பரில் கோர்ட்டுக்குப் போனார். அக்டோபரில் பேக்கர் ராஜினாமா. தேர்தல் நிதி என்று வாங்கிய பணத்தை அமுக்கியது, வரி ஏய்ப்பு என்று வழக்குகள். 1967-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. ஒரு வருடத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தார்.

செனட்டர்களின், ஊழியர்களின் நடத்தையைக் கவனிக்க 1964-ல் தனிக் கமிட்டி போட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

பேக்கர் மெஜாரிட்டிப் பக்கத்து ஆள்தானே என்று தள்ளிவிட முடியாது. இரண்டு நாற்காலிக்கும் ஆள் பிடிக்கிற வழி ஒன்றுதான். தலைவர் பெயர் சொல்வார், சபை 'சரி' என்று சொல்லும். 1978-ல் வந்த சட்டப்படி பெரிய சம்பளக்காரர்கள் சொத்துக் கணக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். அது வேலையில் உட்கார்ந்த பிறகு வருகிற கணக்கு. நாற்காலியில் உட்காருமுன் சபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்கிற பழக்கம் இல்லை.

அடுத்த சபையில் வழி இருக்கிறது

விசாரிக்கிற உரிமையைக் கொடுத்தால் மெஜாரிட்டிக்காரன் பழி தீர்த்துக்கொள்வானே என்ற பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான். அதற்கு மருந்து அதே கட்டடத்தில் இருக்கிறது.

பிரதிநிதிகள் சபையின் நிலைக்குழுக்களில், நிதி ஒதுக்கீட்டுக் குழு போன்ற சில நீங்கலாக, 30 நிபுணர் ஊழியர்கள் என்றால் 10 பேர் வரை மைனாரிட்டி உறுப்பினர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுப் பொறுக்கி எடுக்கலாம். குழு அவர்களின் நடத்தையையும் தகுதியையும் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் தள்ளவும் செய்யலாம். ஆனால் தள்ளிய இடத்தில் தன் ஆளைச் சொருக முடியாது! அடுத்த பெயரையும் மைனாரிட்டியேதான் சொல்லும்.

இந்த விதியைச் செனட்டின் இரண்டு காரியதரிசிகளுக்கும் போட்டால் என்ன குறைந்துபோகும்?

2025 ஜனவரியில் செனட்டில் மெஜாரிட்டி கைமாறியது. மைனாரிட்டிக் காரியதரிசி மெஜாரிட்டி நாற்காலிக்குப் போனார். மெஜாரிட்டிக் காரியதரிசி மைனாரிட்டி நாற்காலிக்கு வந்தார். தலைவர்கள் பெயர் சொன்னார்கள். சபை தலையாட்டியது.