ஊசி யார் கையில்?

மலேசியாவின் சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கம் கல்யாணத் தேதி குறித்ததுமே முகத்துக்கு ஊசி போடும் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. பால்மரம் சீவி, வெயிலில் வெந்த தோட்டத்துப் பெண்ணின் கன்னம் சீக்கிரமே ஒடுங்கிவிடும். அதைச் சரிசெய்துகொள்ள அவள் ஆசைப்பட்டால் குறை சொல்ல நாம் யார்? என் கவலை வேறு: அந்த ஊசியை யார் போடுகிறார் என்பதுதான்.

இந்த ஊசியில் இருப்பது பாலி-எல்-லாக்டிக் அமிலத்தின் நுண்துகள். அது தோலுக்கடியில் லேசான அழற்சியைத் தூண்ட, உடம்பே கொலாஜனை உண்டாக்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கன்னத்தை நிரப்புகிறது. 2004-இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிப்போன கன்னங்களுக்காக அனுமதி பெற்ற மருந்து இது; அழகுக்கான அனுமதி 2009-இல்தான் வந்தது. துகள் கட்டி தட்டாமலிருக்க 5 நாள், தினம் 5 முறை, 5 நிமிடம் முகத்தை நீவிவிடச் சொல்வார்கள்.

ஊசி தவறி ரத்தக்குழாயில் இறங்கினால் தோல் அழுகலாம், பார்வையே பறிபோகலாம். முகத்தை நிரப்பும் இன்னொரு வகையான ஹயலுரானிக் ஃபில்லரைக் கரைக்க மாற்று ஊசி உண்டு. பாலி-எல்-லாக்டிக் ஊசிக்கு அப்படி ஒன்று கிடையாது.

மலேசியாவில் அழகுச் சிகிச்சைக்கான சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று பெற்ற மருத்துவர்தான், பதிவுபெற்ற கிளினிக்கில், இதைப் போடலாம். ஃபேஷியல் கடையின் பின்னறையில் பாதி விலைக்குப் போடுவது சட்டவிரோதம். அக்கா, தங்கச்சிமாரே, கூச்சப்படாமல் முதலில் அந்தச் சான்றைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.