ஏலத்துக்கு வரும் வீடு: இணையத்தில் தெரிவதும் தெரியாததும்

ஆம்பூரில் வங்கி ஏலத்துக்கு வரும் வீடுகளின் பட்டியல் தர, என் மாமாவிடம் ஒரு தரகர் ஐயாயிரம் ரூபாய் கேட்டார். அந்தப் பட்டியல் இலவசம்!

2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி பொதுத்துறை வங்கிகள் விற்கும் சொத்துக்களை பேங்க்நெட் இணையதளத்தில் நீங்களே தேடலாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. பழைய பத்திரங்களில் வேலூர் என்றே இருக்கும். எனவே இரண்டு மாவட்டங்களிலும் தேடுங்கள். பிறகு சர்வே எண்ணைக் கொண்டு, பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் பாருங்கள். இதற்கும் கட்டணம் இல்லை.

ஆனால் இதை மட்டும் நம்பி ஏலம் கேட்பது ஆபத்து என்பது என் கருத்து. வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், வரி பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் வில்லங்கச் சான்றில் வராது. கிணற்றுத் தண்ணீரின் தரமும் வராது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை உச்ச நீதிமன்றமே 1996-ல் கூறியிருக்கிறது. வங்கியோ 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்கும். ஏலம் உங்களுக்கு விழுந்தால் 25 சதவீதத்தை அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதியைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் அந்தப் பணமும் போய்விடும்.

எனவே மவுஸைக் கிளிக் செய்யும் முன் ஒருமுறை நேரில் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்துவிடுங்கள்.