பலாலி ஏர்போர்ட்: திறந்தாச்சு, ஆனா சுற்றியிருக்கிற நிலம்?

2024 செப்டம்பரில் சென்னையில் இருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியில் இருந்தும் யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ சேவை தொடங்கியது. விமானம் இறங்கும் இடம் பலாலி. புது ஏர்போர்ட் என்று நினைத்துவிட வேண்டாம், இது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுபாதை. 1942 ஏப்ரலில் ஜப்பான் கடற்படையின் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு வீசித் தாக்கிய காலம் அது.

போர் முடிந்ததும் பயணிகள் வந்தார்கள். ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10-ல் ரத்மலானையில் கிளம்பி, இங்கே நின்றுதான் மெட்ராஸ் போனது. அப்போது இலங்கைக்குச் சுதந்திரமே கிடைக்கவில்லை!

பிறகு உள்நாட்டுப் போர். பலாலி முழுக்க ராணுவத் தளமானது. 1990-ல் வலிகாமம் வடக்கின் மக்கள் வீடு, தோட்டத்தை விட்டு வெளியேற, அந்தச் செம்மண் நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. 1998-ல் பலாலியில் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார் கடலில் விழுந்து 55 பேர் இறந்தனர்.

போர்தான் 2009-லேயே முடிஞ்சிடுச்சே?

முடிந்தது. ஆனால் 2013-ல் சுமார் 6,381 ஏக்கரை எடுத்துக்கொள்ள அரசு நோட்டீஸ் ஒட்டியது. உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2015-க்குப் பிறகு நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, இன்னும் முழுசாக வரவில்லை. பாதுகாப்புக்காக என்று சொல்லி வைத்திருந்த பகுதியில், காங்கேசன்துறை கடற்கரையில், ராணுவமே 'தல்செவன' என்ற ஹோட்டலை நடத்துகிறது. பிறகு எப்படி மக்கள் நம்புவார்கள்?

2019 அக்டோபர் 17-ல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது, ரன்வேயைக் கட்டம் கட்டமாக மேம்படுத்தி ஏ320 ரக விமானங்களை இறக்குவதுதான் திட்டம். இப்போது வருவதோ எழுபது, எண்பது பேர் உட்காரும் ஏடிஆர். பெரிய விமானம் வந்தால் சீட் கூடும், டிக்கெட் விலை குறைய வாய்ப்பிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கும் அது வேண்டும்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஏர்போர்ட்டுக்குத் தேவையான நிலம் எது, முகாம் பிடித்து வைத்திருக்கும் நிலம் எது என்பதில். இரண்டையும் பிரித்துக் காட்டும் வரைபடத்தை மக்கள் முன் வைக்காமல் விரிவாக்கம் பற்றிப் பேசினால், அதை இன்னொரு நோட்டீஸாகத்தான் அவர்கள் பார்ப்பார்கள். 1990-ல் பத்து வயதில் கிளம்பியவருக்கு இப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. உறுதிப் பத்திரம் பல வீடுகளில் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்துவிட்டது.