ஆஸ்துமா: அழற்சியை அளக்காமல் சிகிச்சை ஏது?

சர்க்கரை நோயாளி ஒருவர், ‘உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொன்னாலும் மருத்துவர் அதை மட்டும் வைத்து மருந்தைத் தீர்மானிப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரையை அளந்து பார்க்கிறார். ஆஸ்துமா நோயாளிக்கு இந்தக் கவனிப்பு அரிதாகவே கிடைக்கிறது. இளைப்பு நின்றதா, இரவில் தூங்க முடிகிறதா என்ற கேள்விகளோடு பெரும்பாலும் விசாரணை முடிந்துவிடுகிறது. நோயின் வேரோ மூச்சுக்குழலின் உட்சுவரில் இருக்கும் அழற்சி. அது எவ்வளவு இருக்கிறது, சிகிச்சையால் தணிந்ததா என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13% பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 40%-க்கும் மேல் இங்கே நிகழ்வதாக 2019-க்கான உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீடு சொல்கிறது. இதற்குக் காரணங்கள் பல. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் உரியவர்களுக்குப் போய்ச் சேராதது அவற்றில் முக்கியமானது.

திசு காட்டிய உண்மை

மூச்சுக்குழல் தசைகள் இறுகிக்கொள்வதே ஆஸ்துமா என்று மருத்துவ உலகம் வெகுகாலம் கருதிவந்தது. இறந்தவர்களின் நுரையீரல் வேறு கதை சொன்னது: அடைத்துக்கொண்ட சளி, உரிந்துபோன மேற்படலம், தடித்த அடிச்சவ்வு, கூட்டமாகக் குவிந்த ஈசினோஃபில் வெள்ளணுக்கள். ஆனாலும், ‘இவை உயிர்போகும் அளவுக்கு முற்றிய நோயின் அடையாளங்கள், நடமாடும் நோயாளிக்குப் பொருந்தாது’ என்று வாதிட இடம் இருந்தது.

ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இகேடா 1960-களில் உருவாக்கிய, மூச்சுக்குழலுக்குள் வளைந்து செல்லும் பிராங்கோஸ்கோப் அந்த வாதத்தை முடித்துவைக்க வழிசெய்தது. உயிரோடு இருப்பவரின் மூச்சுக்குழலிலிருந்தே ஓரிரு மில்லிமீட்டர் திசுவை எடுத்து, அதில் உள்ள அழற்சி செல்களை நுண்ணோக்கியில் எண்ண முடிந்தது. பின்லாந்தின் லைட்டினன் குழு 1985-ல் ஆஸ்துமா நோயாளிகளின் மேற்படலம் சிதைந்திருப்பதைத் திசு ஆய்வின் மூலம் காட்டியது. அடுத்து வந்த ஆய்வுகள் லேசான ஆஸ்துமாவிலும் அழற்சி இருப்பதை உறுதிசெய்தன.

1992-ல் வெளியான அக்குழுவின் இன்னோர் ஆய்வு, சிகிச்சையின் திசையையே மாற்ற உதவியது. புதிதாக ஆஸ்துமா கண்டறியப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு புடெசொனைட் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரும், மற்றவர்களுக்கு மூச்சுக்குழலை விரிக்கும் டெர்புடலின் இன்ஹேலரும் மூன்று மாதங்கள் தரப்பட்டன. ஸ்டீராய்டு எடுத்தவர்களின் திசுவில் அழற்சி செல்கள் குறைந்து மேற்படலம் தேறியது. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துக்கு அந்த ஆற்றல் இல்லை. அழற்சியைத் தொடக்கத்திலேயே அடக்குவதைக் கொள்கையாகக் கொண்டு, 1994 முதல் 2004 வரை பின்லாந்து நடத்திய தேசிய ஆஸ்துமா திட்டம் மருத்துவமனை அனுமதிகளையும் மரணங்களையும் வெகுவாகக் குறைத்தது.

அளந்தால் என்ன பலன்?

இப்படித் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியை எல்லாருக்கும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். மயக்க மருந்து, நிபுணர், செலவு எல்லாம் வேண்டும். எடுக்கும் துணுக்கும் பெரிய மூச்சுக்குழல்களிலிருந்தே வருகிறது. நுண்குழல்களின் நிலை அதில் தெரியாது.

உப்புநீர் ஆவியை இழுக்கவைத்துச் சளியை வெளிக்கொணர்ந்து ஈசினோஃபில்களை எண்ணுவது எளிய மாற்று. 2002-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரிட்டனின் லெஸ்டர் நகரில் 74 நோயாளிகளிடம் இது ஓராண்டு சோதிக்கப்பட்டது. வழக்கமான முறையில் மருந்து தீர்மானிக்கப்பட்டவர்களுக்கு 109 முறை கடுமையான பாதிப்பு ஏற்பட்டது. சளியை அளந்து தீர்மானிக்கப்பட்டவர்களுக்கு 35 முறைதான். இத்தனைக்கும் இரு பிரிவினருக்கும் கொடுத்த ஸ்டீராய்டின் சராசரி அளவில் பெரிய வேறுபாடு இல்லை. உரியவருக்கு உரிய அளவில் மருந்து போனதே பலனுக்குக் காரணம்.

ஈசினோஃபில்களைக் குறைக்கும் மெபோலிசுமேப் மருந்தின் வரலாறும் இதையே சொல்கிறது. ஈசினோஃபில் அளவைப் பார்க்காமல் நோயாளிகளைச் சேர்த்த ஆரம்ப ஆய்வுகளில் அது பலன் தரவில்லை. சளியில் ஈசினோஃபில் மிகுந்திருந்தவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது பாதிப்புகள் குறைந்ததாக 2009-ல் இரண்டு ஆய்வுகள் நிறுவின. 2015-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது.

இதனால் திசு ஆய்வின் தேவை தீர்ந்துவிடவில்லை. அதே மருந்து ரத்தத்தில் ஈசினோஃபில்களை ஏறக்குறைய முற்றாக நீக்கினாலும், மூச்சுக்குழல் திசுவில் பாதியளவே குறைத்தது என்று 2003-ல் தெரியவந்தது பயாப்ஸியால்தான். ரத்தம் தருவது மறைமுகச் செய்தி. நோய் குடியிருக்கும் இடம் திசு. புதிய மருந்துகளை எடைபோடும் ஆராய்ச்சியில் அதற்கு ஈடு இல்லை.

இங்கே செய்யக்கூடியவை

நம் ஊர்களில் சிறிய பரிசோதனைக்கூடத்திலும் செய்யும் ரத்த அணுக்கள் சோதனையிலேயே ஈசினோஃபில் எண்ணிக்கை கிடைக்கிறது. அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குடற்புழுக்களும் யானைக்கால் நோய்க் கிருமியும் அந்த எண்ணிக்கையை ஏற்றிவிடும். ஸ்டீராய்டு மாத்திரைகள் இறக்கிவிடும். ஒற்றை எண்ணை மட்டும் நம்பாமல், வசதி உள்ள இடங்களில் அழற்சியின்போது மூச்சுக்காற்றில் மிகும் நைட்ரிக் ஆக்சைடையும் அளந்து ஒப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேனும் சளியில் ஈசினோஃபில் எண்ணும் வசதி வர வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்பதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடவும் கூடாது.

மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை மட்டும் தனியே தருவதைக் கைவிட வேண்டும் என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகள் 2019-லேயே அறிவுறுத்திவிட்டன. நெபுலைசர் வைத்து அன்றைய இளைப்பைப் போக்கி அனுப்பிவிடுவது அரைகுறைச் சிகிச்சை. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலரும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அதைச் சரியாக இழுக்கும் முறையைச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டிலேயே கற்றுத்தர வேண்டும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தையும் அவர்களால்தான் போக்க முடியும். அழற்சியே நோய் என்று மருத்துவம் அறிந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த அறிவு இனி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துச் சீட்டிலும் இடம்பெற வேண்டும்.