முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க

நம்ம பக்கம் புதுசா ஒருத்தர் வந்தா, "வாங்க" என்று சொல்லித் தண்ணி கொடுப்போம். அடுத்த கேள்வி, "எந்த ஊருங்க, யாரு வீட்டுக்கு வந்தீங்க?" அவரும் ஊரு, பேரு, வந்த வேலை எல்லாம் சொல்வார். பத்து நிமிஷத்தில் ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் அகப்பட்டுவிடுவார். அந்த ஆள்தான் சாட்சி.

போனில் இது தலைகீழ். கூப்பிடுறவன் தன் பேரைச் சொல்லாமல் நம்ம பேரைச் சொல்றான். "வணக்கம் சார், பேங்க்லேர்ந்து பேசறோம்" என்கிறான். நம்ம பேரு தெரிஞ்சிருக்கே என்று நம்பி ஓடிபி நம்பரைச் சொல்லிடுறாங்க. வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் பேரைப் போட்டு ஒரு ஆப் வருது. தவணைப் பணம் 2,000 ரூபாய் வருமேன்னு அதை இறக்கினா, கணக்கில் இருக்கிறதும் போயிடும்.

நம்ம பேரு தெரிஞ்சவன் எல்லாம் நம்ம ஆள் இல்லை. கேட்டா மரியாதைக் குறைவுன்னு கூச்சப்படாதீங்க. "நீங்க யாரு, எந்தக் கிளை? நான் நேர்லயே வர்றேன்" என்று சொல்லுங்க. உண்மையான ஆள் கோவிச்சுக்க மாட்டார். ஏமாத்துறவன்தான் அவசரப்படுத்துவான். பணம் போயிட்டா உடனே 1930க்குப் போன் போடுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லணும். ஊரைக் கேக்குற சாக்கில் சாதியைத் துருவுற பழக்கமும் நம்மகிட்ட இருக்கு. அதை விட்டுடலாம். ஆளை விசாரிக்கிற பழக்கத்தை விடக் கூடாது.