தாங்கியில் கைப்பேசி, சாலையில் கண்

தில்லியின் சாலைகளில் ஓடும் பழைய மகிழுந்துகள் சிலவற்றில் இரு சிறு கருவிகளைக் காணலாம். ஒன்று கைப்பேசித் தாங்கி. மற்றொன்று, கடைக்காரர்கள் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்றழைக்கும் பண்பலைபரப்பி.

புளூடூத் வசதியில்லாத மகிழுந்தில் தமிழ்ப் பாடல் கேட்க விரும்புவோர்க்கு இக்கருவி பெருந்துணை. 12 வோல்ட் மின்குழியில் செருகினால், கைப்பேசியிலுள்ள பாடலைப் பெற்று, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பண்பலை வரிசையில் ஓரிடத்தில் மெல்லப் பரப்பும். வண்டியின் வானொலி அதனைப் பிடித்து ஒலிக்கும். தில்லியிலோ நிலையங்கள் மிகுதி. ஆளில்லாத அலைவரிசையைத் தேடுவதே பெரும்பாடு. கிடைத்தாலும் சிறிது தொலைவு சென்றதும் வேறொரு நிலையம் குறுக்கிடும். அப்போது ஓட்டுநரின் கை பொத்தானை நாடும். இடர் அங்கேதான் தொடங்குகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 2 நொடிகளில் ஏறத்தாழ 33 மீட்டர் கடந்துவிடும். தாங்கி கைக்கு விடுதலை தருமேயன்றிக் கண்ணுக்குத் தராது. 2020இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளும், வழியறிவதற்கு மட்டுமே, அதுவும் கவனம் சிதறாதவாறு, ஓட்டுநர் கைப்பேசியைப் பயன்படுத்த இசைகின்றன. பாடல் மாற்றுவது அதில் அடங்காது.

இதற்காகக் கருவிகளை விலக்க வேண்டியதில்லை. அவற்றை இயக்குபவர் மாறினால் போதும். அலைவரிசையைப் புறப்படுமுன்பே பொருத்திவிடலாம். பாடல் தேர்வைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். "அடுத்த சந்திப்பில் இடப்பக்கம், அம்மா" என்று வழியையும் அவர்களே தமிழில் படித்துச் சொல்லலாம். இடையில் அழைப்பு வந்தால், "அம்மா வண்டி ஓட்டுகிறார்" என்று மறுமொழி கூறட்டும். மதுரையிலிருந்து அழைப்பவர் பாட்டியே ஆனாலும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வார்.