ஏழு நாள் பயிற்சி இருக்கு. நம்ம கொத்தனாருக்கு ஏன் தெரியல?

தாம்பரம் ஸ்டேஷன்ல நாகோன் எக்ஸ்பிரஸ் வந்து நிக்கிற நேரத்துல ஒருநாள் போய்ப் பாருங்க. அசாம்ல இருந்து முதுகுல பையோட பசங்க இறங்குவாங்க. ஜசிடி ரயில்னா ஜார்க்கண்ட் பசங்க. மேடவாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர்னு எங்க அபார்ட்மென்ட் எழும்புதோ அங்க போயிடுவாங்க.

உடனே வாட்ஸ்அப்ல ஒரு பார்வர்ட் வரும்: "நம்ம வேலையைப் பறிக்கிறாங்க!" தோழர்களே, அதை ஷேர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிங்க.

2015-16ல் வெளியான தொழிலாளர் துறை கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 10.67 லட்சம் பேர். ஐந்தில் ஒரு பங்கு அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம்ம தாம்பரமும் அப்போ அதுக்குள்ளதான் இருந்துச்சு. அவங்க நம்ம எதிரி இல்ல. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு எல்லா ஊர்க்காரங்களும் ஒரே இடிபாட்டுக்குள்ளதான் கிடந்தாங்க. 2023 மார்ச்ல "பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்க"னு பரவின வீடியோக்கள் பொய்னு தெரிய வந்ததும் ஞாபகம் இருக்கும்.

அப்போ நம்ம ஆளுக்கு வேலை குறையுதுங்கிறது பொய்யா? அதுவும் இல்ல. எங்க தெருவுல ஒரு பெரியப்பா இருக்கார், முப்பது வருஷ மேஸ்திரி. செங்கல் வேலையில அவரை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா இப்போ சைட்டுல கேக்குறது அலுமினியம் ஃபார்ம்வொர்க், பெரிய சைஸ் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங். "எனக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தா?"னு கேட்டார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்ச என்கிட்ட பதில் இல்ல.

இதுல கொடுமை என்னன்னா, பயிற்சி இருக்கு! கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பண்ணவங்களுக்கு ஒரு வாரப் பயிற்சி, மூணு மாசப் பயிற்சினு 2023ல் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களே செய்திக்குறிப்பு விட்டாங்க. இடம் நம்ம பக்கத்துல இருக்குற தையூர். கொத்தனார், வெல்டர், எலக்ட்ரீசியன், பிளம்பர், கார்பென்டர், கம்பி வளைக்கிறவங்க எல்லாருக்கும் உண்டு. ஒரு வாரப் பயிற்சிக்கு வர்றவங்களுக்கு கூலி போகுதேன்னு தினம் 800 ரூபாய். நல்ல திட்டம். ஆனா வாரிய அட்டையைப் பீரோவுல பத்திரமா வெச்சிருக்கிற பெரியப்பா காதுக்கு இது வந்து சேரவே இல்ல.

இன்னொண்ணு யோசிங்க. சிங்கப்பூர்ல கட்டுமான வேலைக்குப் போகணும்னா ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணணும். அதுக்காக நம்ம பசங்க கடன் வாங்கி, சென்டர்ல மாசக்கணக்குல தங்கிப் படிக்கிறாங்க. ஆக, நம்ம ஆளுக்குக் கத்துக்க மனசு இல்லன்னு சொல்றது வடிகட்டின பொய். கடல் தாண்டிப் போக காட்டுற வழியை மேடவாக்கம் போக யாரும் காட்டல, அவ்வளவுதான்.

"சட்டம் போட்டு 75% உள்ளூர்க்காரங்களுக்கே குடுங்க"னு சிலர் கேப்பாங்க. ஹரியானா போட்டுப் பார்த்துச்சு. 2023 நவம்பர்ல உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. கோர்ட்டால பறிக்க முடியாத ஒரே இடஒதுக்கீடு கைத்தொழில்தான்.

காசு இல்லைன்னும் சொல்ல முடியாது. கட்டடச் செலவுல 1% நல வரியா வசூலாகுது. அது தொழிலாளியோட காசு. அதனால நாம கேக்குறது இதுதான்:

✅ தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் பயிற்சிப் பதிவு முகாம். காலைல ஆள் நிக்கிற இடத்துக்கே அதிகாரிங்க வரணும்.
✅ பயிற்சி நாள் கூலி தாமதம் இல்லாம வங்கிக் கணக்குல.
✅ அரசு ஒப்பந்த வேலைகளில் சான்றிதழ் வாங்கினவங்களுக்கு முன்னுரிமை, அதுக்கேத்த கூலி.
✅ வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அவங்க மொழியில பாதுகாப்புப் பயிற்சி. அவங்களைக் குறைஞ்ச கூலிக்கு வேலை வாங்குற வரைக்கும் நம்ம கூலியும் ஏறாது.

உங்க வேலை ஒண்ணே ஒண்ணு. இந்த வாரம் உங்க தெருவுல ஒரு கொத்தனார், ஒரு பிளம்பரைப் பாருங்க. வாரிய அட்டை இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா பதிவு பண்ணிக் குடுங்க. இருந்தா தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போய் அடுத்த பேட்ச் எப்போன்னு கேளுங்க. என்ன பதில் சொன்னாங்கன்னு வார்டு பேரோட கமென்ட்ல போடுங்க.

நான் சனிக்கிழமை பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். நீங்க யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?

#கைத்தொழில்_நம்_உரிமை #தாம்பரம்